பல் வலியும் பயமும்: மயக்க மருந்து பற்றிச் சில தெளிவுகள்

தேசிய சிறார் நலத் திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழு ஆண்டுக்கு ஒரு முறை நம் பள்ளிகளுக்கு வருகிறது. 2013இல் தொடங்கப்பட்ட இத்திட்டத்தில், 18 வயது வரை உள்ளவர்களிடம் கண்டறிய வேண்டிய குறைபாடுகளின் பட்டியலில் பற்சிதைவும் இடம்பெற்றிருக்கிறது. குழுவினர் பிள்ளைகளை வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பார்கள். சொத்தை இருந்தால் பரிந்துரைச் சீட்டு எழுதித் தருவார்கள். கண்ணுக்கான சீட்டு வாங்கிய பிள்ளை பெரும்பாலும் சில வாரங்களில் கண்ணாடியோடு வந்துவிடுகிறது. பல்லுக்கான சீட்டு மட்டும் புத்தகப் பைக்குள் கசங்கிக் கிடக்கிறது. இதை நான் என் வகுப்புகளில் தொடர்ந்து பார்த்து வருகிறேன். நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

கேட்டால் பல காரணங்கள் வரும். ஒரு நாள் கூலி போய்விடும் என்பார்கள். பால் பல்தானே, தானாக விழுந்துவிடும் என்பார்கள். கிராம்பு வைத்தோம், வலி நின்றுவிட்டது என்பார்கள். இவை எல்லாவற்றுக்கும் அடியில் இன்னொரு காரணம் இருக்கிறது: பயம். பிள்ளைக்கு ஊசியைப் பற்றிய பயம். பெற்றோருக்கு மயக்க மருந்தைப் பற்றிய பயம். இந்த இரண்டு பயங்களையும் புரிந்துகொள்ளவும், அவற்றைக் குறைக்க இன்றைய பல் மருத்துவத்தில் என்ன வழிகள் உள்ளன என்று அறிந்துகொள்ளவும் இந்தக் கட்டுரை உதவும். மருந்தைப் பரிந்துரைப்பது நம் வேலை இல்லை. ஆனால் தயங்கி நிற்கும் பெற்றோர் முதலில் கேட்பது பெரும்பாலும் நம்மிடம்தான்.

தள்ளிப்போட்டால் என்ன ஆகும்?

பால் பற்கள் 20. நிலையான பற்கள் 32. இது எல்லோருக்கும் தெரியும். பலருக்குத் தெரியாதது ஒன்று உண்டு. ஏறத்தாழ ஆறு வயதில், கடைசிப் பால் பல்லுக்குப் பின்னால் முதல் நிலையான கடைவாய்ப் பல் முளைக்கிறது. அதற்காக எந்தப் பால் பல்லும் விழுவதில்லை. அதனால் அது வந்ததே வீட்டில் தெரிவதில்லை. ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளையின் அந்தப் பல்லில் சொத்தை வந்தால், ‘விழுகிற பல்தானே’ என்று விட்டுவிடுகிறார்கள். அது வாழ்நாள் முழுவதும் சோற்றை மெல்ல வேண்டிய பல்.

சொத்தை மேற்பரப்பில் இருக்கும்போது சுத்தம் செய்து அடைத்துவிட்டால் வேலை முடிந்தது. வலியும் அதிகம் இருக்காது. அது உள்ளே இருக்கும் பற்கூழைத் தொட்டுவிட்டால் வேர் சிகிச்சை தேவைப்படும். அதற்கும் தாமதித்தால் பல்லையே பிடுங்க நேரிடும். பயந்து தள்ளிப்போடும் பிள்ளை, எளிய சிகிச்சைக்கான காலத்தைக் கடந்து, வலி தாங்க முடியாத நாளில் மருத்துவரிடம் போய்ச் சேருகிறது. வீங்கிச் சீழ் பிடித்த இடத்தில் மரப்பு ஊசியும் சரியாக வேலை செய்யாமல் போகலாம். ‘பல் டாக்டர்கிட்ட போனா வலிக்கும்’ என்ற எண்ணம் அன்று உறுதியாகிவிடுகிறது. அடுத்த முறை இன்னும் தாமதமாகும். இந்தச் சுழலை எங்காவது ஓர் இடத்தில் அறுக்க வேண்டும்.

பயம் எங்கிருந்து வருகிறது?

பி.எட். படித்தபோது பாவ்லோவின் ஆக்கநிலையுறுத்தலைப் படித்தோம். 1920இல் வாட்சனும் ரேய்னரும் ஒரு குழந்தைக்கு வெள்ளெலியின் மீது அச்சத்தை உண்டாக்கிய சோதனையையும் படித்தோம். இன்று எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதிக்காத சோதனை அது. எலியைப் பார்க்கும்போதெல்லாம் பெரும் சத்தத்தைக் கேட்ட அந்தக் குழந்தை, பிறகு எலியைக் கண்டாலே அழுதது. பல் மருத்துவமனையின் மருந்து வாசனையும் கருவியின் ‘கீய்ங்’ என்ற ஓசையும் வலியோடு ஒருமுறை சேர்ந்துவிட்டால், அடுத்த முறை வாசனை மட்டுமே போதும், பிள்ளை வாசலிலேயே நின்றுவிடும்.

ஆனால் ஒருமுறைகூடப் பல் மருத்துவரைப் பார்க்காத பிள்ளைகளும் பயப்படுகிறார்களே, எப்படி? உளவியலாளர் ஸ்டான்லி ராக்மன் 1977இல் அச்சம் உருவாகும் மூன்று வழிகளைக் கூறினார். முதலாவது, நேரடி அனுபவம். இரண்டாவது, மற்றவர் பயப்படுவதைப் பார்ப்பது. மூன்றாவது, மற்றவர் சொல்லிக் கேட்பது. அண்ணன் கன்னம் வீங்கி வந்ததைப் பார்த்த தங்கை இரண்டாவது வகை. “சேட்டை பண்ணினா டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போய் ஊசி போடச் சொல்லிடுவேன்” என்று கேட்டு வளர்ந்த பிள்ளை மூன்றாவது வகை. இந்த மூன்றாவது வழியை வீட்டில் மட்டும் அல்ல, சில நேரம் பள்ளியிலும் நாமே திறந்துவிடுகிறோம். எனவே அதை மூடுவதும் நம் கையில் இருக்கிறது.

முதல் மருந்து, பேச்சு

பயந்த பிள்ளைக்கு எடுத்த உடனே மயக்க மருந்து தருவதில்லை. குழந்தைப் பல் மருத்துவர்கள் முதலில் கையாளும் முறை ‘சொல், காட்டு, செய்’ என்பது. 1959இல் அடில்ஸ்டன் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் இதை முறைப்படுத்தி எழுதினார். என்ன செய்யப் போகிறோம் என்று பிள்ளைக்குப் புரியும் சொற்களில் முதலில் சொல்ல வேண்டும். பிறகு அந்தக் கருவியை அதன் விரல் நகத்தில் வைத்துக் காட்ட வேண்டும். அதன்பின் சொன்னதை மட்டும், சொன்னபடியே செய்ய வேண்டும். எண்ணும் எழுத்தும் வகுப்பில் நாம் செய்வதும் ஏறக்குறைய இதுதான்.

இன்னொரு முறை கை தூக்குவது. “வலிச்சா இடது கையைத் தூக்கு, உடனே நிறுத்திடுறேன்” என்று மருத்துவர் பிள்ளையிடம் உடன்பாடு செய்துகொள்கிறார். கை தூக்கினால் உண்மையிலேயே நிறுத்துகிறார். நிறுத்தும் உரிமை தன்னிடம் இருக்கிறது என்று தெரிந்ததும் பல பிள்ளைகளுக்குப் பாதிப் பயம் போய்விடுகிறது. முதல் நாள் பல்லை எண்ணிப் பார்ப்பதோடு அனுப்பிவிட்டு, அடுத்த நாள் சுத்தம் செய்து, மூன்றாம் நாள் அடைப்பது என்று படிப்படியாகப் போவதும் உண்டு. பெரும்பாலான பிள்ளைகளுக்கு இவையே போதும்.

இவை போதாதவர்களும் உண்டு. நாற்காலியில் உட்காரவே முடியாத அளவுக்கு அஞ்சும் பிள்ளை, ஒரே நேரத்தில் பல பற்களுக்குச் சிகிச்சை தேவைப்படும் சிறு குழந்தை, கருவி வாய்க்குள் போனாலே குமட்டும் பிள்ளை, சொல்வதைப் புரிந்துகொண்டு ஒத்துழைக்க இயலாத பிள்ளை ஆகியோருக்குத்தான் மருந்தின் உதவி தேவைப்படுகிறது.

ஒரே சொல், மூன்று பொருள்

“டீச்சர், மயக்க மருந்து குடுப்பாங்களாம். புள்ள மூளைக்கு ஏதாவது ஆயிடுமா?” என்று ஒரு தாய் என்னிடம் கேட்டார். விசாரித்தபோது அவர் மகனுக்குச் செய்ய இருந்தது ஈறில் போடும் சாதாரண மரப்பு ஊசிதான் என்று தெரிந்தது. தமிழில் நாம் ‘மயக்க மருந்து’ என்ற ஒரே சொல்லால் மூன்று வெவ்வேறு பொருள்களைக் குறிக்கிறோம். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

முதலாவது, மரத்துப்போகச் செய்யும் மருந்து. 1943இல் சுவீடனில் நில்ஸ் லோஃப்கிரன் உருவாக்கிய லிக்னோகெயின் இன்று பரவலாகப் பயன்படுகிறது. இது ஊசி போட்ட இடத்தில் நரம்பு வழியாக வலிச் செய்தி மூளைக்குப் போவதைத் தடுக்கிறது. பிள்ளை முழு விழிப்போடு இருக்கும். இந்த மருந்து வலியை நீக்கும், பயத்தை நீக்காது.

இரண்டாவது, அமைதிப்படுத்தும் மருந்து. மருத்துவர்கள் இதை ‘செடேஷன்’ என்பார்கள். பிள்ளை விழித்திருக்கும், அல்லது லேசாகக் கண் சொக்கும். பதற்றம் தணியும். இது பயத்தைக் குறைக்கும், ஆனால் வலியை முழுமையாக நீக்காது. அதனால் இதோடு மரப்பு ஊசியும் போட வேண்டியிருக்கும். பிள்ளை அமைதியாகிவிட்டதால் அந்த ஊசியை ஏற்றுக்கொள்வது எளிதாகிறது.

மூன்றாவது, முழு மயக்கம். அறுவை அரங்கில் மயக்கவியல் மருத்துவர் கொடுப்பது இது. பிள்ளைக்கு நினைவே இருக்காது.

இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் இடையே பல படிகள் உண்டு. நம் வருகைப் பதிவை வைத்து இதை எளிதில் விளக்கலாம். பெயர் சொன்னதும் “உள்ளேன் டீச்சர்” என்று சொல்லும் பிள்ளை குறைந்த அளவு அமைதிநிலையில் இருக்கிறது. கண் சொக்கி, பெயரைச் சொல்லித் தோளைத் தொட்டால் பதில் சொல்லும் பிள்ளை நடுத்தர நிலையில் இருக்கிறது. பலமுறை உலுக்கினால்தான் அசையும் பிள்ளை ஆழ்ந்த நிலையில் இருக்கிறது. அதன் மூச்சுக்கு உதவி தேவைப்படலாம். எப்படி எழுப்பினாலும் எழாதது முழு மயக்கம். மருந்து ஒவ்வோர் உடலிலும் ஒவ்வொரு விதமாக வேலை செய்வதால், ஒரு படியில் நிறுத்த நினைத்த பிள்ளை அடுத்த படிக்கு நழுவிவிடலாம். அப்படி நழுவினால் மீட்கத் தெரிந்தவர்களும் அதற்கான கருவிகளும் அங்கே இருக்க வேண்டும் என்பதே இந்தத் துறையின் அடிப்படைப் பாதுகாப்பு விதி.

ஒரு பல்லில் தொடங்கிய வரலாறு

அமைதிப்படுத்தும் மருந்துகளில் மிகப் பழையது நைட்ரஸ் ஆக்சைடு. சிரிப்பூட்டும் வாயு என்று நம் மாணவர்களுக்கு அறிமுகமான பெயர். 1772இல் ஜோசப் பிரீஸ்ட்லி இதைக் கண்டறிந்தார். பிரிஸ்டல் நகரில் பணியாற்றிய இளைஞர் ஹம்ஃப்ரி டேவி இதைத் தானே சுவாசித்துப் பார்த்தார். ஞானப்பல் முளைத்து ஈறு வலித்த நாளில் இதை முகர்ந்தபோது வலி தணிந்ததைக் குறித்துவைத்தார். அறுவைச் சிகிச்சைக்கு இது பயன்படக்கூடும் என்று 1800இல் வெளியிட்ட நூலில் எழுதினார். அந்த வரியை நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வாயு வேடிக்கைக் காட்சிகளுக்குத்தான் பயன்பட்டது.

1844 டிசம்பர் 10 அன்று அமெரிக்காவின் ஹார்ட்ஃபர்ட் நகரில் அப்படி ஒரு காட்சி நடந்தது. நடத்தியவர் கார்டனர் கோல்ட்டன். வாயுவை முகர்ந்த ஒருவர் துள்ளிக் குதித்ததில் காலில் அடிபட்டது. ஆனால் அவர் வலியை உணரவே இல்லை. பார்வையாளர்களில் ஒருவரான ஹொரேஸ் வெல்ஸ் என்ற பல் மருத்துவர் இதைக் கவனித்தார். மறுநாளே கோல்ட்டனை வரவழைத்து, வாயுவை முகர்ந்துகொண்டு, தன் சொந்தக் கடைவாய்ப் பல்லையே ஜான் ரிக்ஸ் என்ற சக மருத்துவரைக் கொண்டு பிடுங்கச் செய்தார். வலி பெரிதாகத் தெரியவில்லை.

1845 ஜனவரியில் பாஸ்டனில் மருத்துவ மாணவர்கள் முன் இதைச் செய்து காட்டினார். சிகிச்சையின் நடுவே நோயாளி முனகியதால் கூட்டம் வெல்ஸை ஏமாற்றுக்காரர் என்று எள்ளி நகையாடியது. அடுத்த ஆண்டு, அவரோடு முன்பு கூட்டாகத் தொழில் செய்த வில்லியம் மார்ட்டன் ஈதரைக் கொண்டு வெற்றிகரமாகச் செய்து காட்டிப் புகழ் பெற்றார். வெல்ஸ் 1848இல் மனம் உடைந்து இறந்தார். 1860களில் கோல்ட்டன் மீண்டும் பல் பிடுங்குவதற்கு இந்த வாயுவைப் பயன்படுத்தத் தொடங்கிய பிறகே அது நிலைபெற்றது. 1868இல் சிகாகோ அறுவை மருத்துவர் எட்மண்ட் ஆண்ட்ரூஸ், வாயுவோடு ஆக்சிஜனைக் கலந்து கொடுக்கும் முறையை முன்வைத்தார். இன்றைய கருவிகள் அனைத்தும் அந்தக் கலவையின் வழிவந்தவை.

உயர்நிலை வகுப்பில் அறிவியல் நடத்துபவர்கள் இந்த வரலாற்றைச் சொல்லலாம். ஒருமுறை தோற்ற சோதனை பொய்யாகிவிடாது என்பதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அம்மோனியம் நைட்ரேட்டைச் சூடாக்கி இந்த வாயுவைப் பெறுகிறார்கள் என்று வாய்மொழியாகச் சொன்னால் போதும். வெடிக்கும் ஆபத்து இருப்பதால் செய்து காட்டக் கூடாது. விளையாட்டுக்காக இதை முகர்பவர்களுக்கு வைட்டமின் பி12 செயலிழந்து நரம்பு பாதிக்கப்படும் என்பதையும் வளரிளம் பருவத்தினருக்குச் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நாற்காலியில் என்ன நடக்கிறது?

வாயு முறையில் ஊசி கிடையாது. மூக்கை மட்டும் மூடும் சிறிய மூடி ஒன்றை வைப்பார்கள். முதலில் வெறும் ஆக்சிஜன் வரும். பிறகு நைட்ரஸ் ஆக்சைடைச் சிறிது சிறிதாகக் கூட்டுவார்கள். பொதுவாக 30 முதல் 50 விழுக்காட்டுக்குள் பிள்ளைக்குத் தேவையான அளவு கிடைத்துவிடும். ஆக்சிஜன் 30 விழுக்காட்டுக்குக் கீழே இறங்காதபடி கருவியிலேயே தடை இருக்கும். நாம் சுவாசிக்கும் காற்றில் ஆக்சிஜன் 21 விழுக்காடுதான் என்பதை நினைவில் கொண்டால் இந்த ஏற்பாட்டின் பாதுகாப்பு புரியும்.

சில நிமிடங்களில் கை கால் விரல்கள் லேசாகக் கூசும். உடல் இலகுவாகும். பிள்ளை கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லும், வாயைத் திறக்கச் சொன்னால் திறக்கும். சிகிச்சை முடிந்ததும் ஏறத்தாழ ஐந்து நிமிடம் முழு ஆக்சிஜன் கொடுப்பார்கள். வாயு உடலில் தங்காமல் நுரையீரல் வழியாகவே வெளியேறிவிடுவதால் பிள்ளை விரைவில் பழைய நிலைக்குத் திரும்புகிறது. சிலருக்குக் குமட்டல் வரலாம்.

இதற்கு வரம்புகளும் உண்டு. சளி பிடித்து மூக்கடைத்த பிள்ளைக்கு இது பயன்படாது. மூடியை வைக்கவே விடாத பிள்ளைக்கும் பயன்படாது. அண்மையில் காதில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களுக்குத் தர மாட்டார்கள். இந்தக் கருவி எல்லாப் பல் மருத்துவமனைகளிலும் இருக்காது.

அடுத்தது வாய்வழி மருந்து. மிடசோலம் போன்ற மருந்தைப் பிள்ளையின் எடைக்கு ஏற்ற அளவில், மருத்துவமனையிலேயே குடிக்கக் கொடுத்து, அரை மணி நேரம் போல் காத்திருப்பார்கள். பிள்ளை தூக்கக் கலக்கத்தில் அமைதியாகும். நடந்தது பல பிள்ளைகளுக்கு நினைவில் இருப்பதில்லை. ஆனால் வாயுவைப்போல இதை நினைத்த நேரத்தில் கூட்டவோ குறைக்கவோ முடியாது. சில பிள்ளைகள் அமைதியாவதற்குப் பதில் எரிச்சலடைந்து அழுவதும் உண்டு. மூச்சையும் நாடியையும் ஆக்சிஜன் அளவையும் தொடர்ந்து கவனிக்க வேண்டும். கொரோனா காலத்தில் நாம் எல்லோரும் அறிந்த விரல் கருவியான பல்ஸ் ஆக்சிமீட்டர்தான் இங்கும் கண்காணிப்புக்கு உதவுகிறது.

இரண்டும் போதாதபோது முழு மயக்கம். மிகச் சிறிய குழந்தைக்கு வாய் முழுவதும் சொத்தை இருந்தால், பத்துமுறை அழ அழ அழைத்துப் போவதைவிட, ஒரே நாளில் முழு மயக்கத்தில் எல்லாவற்றையும் முடிப்பது நல்லது என்று மருத்துவர்கள் முடிவு செய்வதுண்டு. இது மருத்துவமனையின் அறுவை அரங்கில், மயக்கவியல் மருத்துவரின் பொறுப்பில் மட்டுமே நடக்க வேண்டும்.

மூளைக்கு ஏதாவது ஆகுமா என்ற அந்தத் தாயின் கேள்வியை ஒதுக்கிவிட முடியாது. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் நீளும் அல்லது பலமுறை தரப்படும் முழு மயக்கம் வளரும் மூளையைப் பாதிக்கக்கூடும் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2016இல் எச்சரித்தது. அதே அறிவிப்பு, ஒருமுறை குறைந்த நேரம் தரப்படும் மயக்கத்தால் அத்தகைய பாதிப்பு வர வாய்ப்பில்லை என்றும் கூறியது. மரப்பு ஊசிக்கும் மூக்குவழி வாயுவுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தாது. பெற்றோர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, “இந்த மூன்றில் எதைக் கொடுக்கப் போகிறீர்கள்?” என்பதே.

பெற்றோரிடம் சொல்ல வேண்டியவை

சாப்பாட்டு விஷயத்தில் நாம் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். வாய்வழி மருந்தோ முழு மயக்கமோ தரப்படும் நாளில் வயிறு காலியாக இருக்க வேண்டும். நிறைந்த வயிற்றோடு மயங்கினால் உணவு மேலேறி மூச்சுக்குழாய்க்குள் போய்விடலாம். இது உயிருக்கே ஆபத்து. லேசான உணவும் பாலும் ஆறு மணி நேரத்துக்கு முன்பும், வெறும் தண்ணீர் இரண்டு மணி நேரத்துக்கு முன்பும் நிறுத்த வேண்டும் என்பது வழக்கமான விதி. சரியான நேரத்தை மருத்துவர் சொல்வார். நம் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவுத் திட்டம் நடக்கிறது. மதியம் மருத்துவமனைக்குப் போகலாம் என்று காலையில் பள்ளிக்கு அனுப்பப்பட்ட பிள்ளை, மற்றவர்களோடு உட்கார்ந்து பொங்கலைச் சாப்பிட்டுவிடும். ஆகவே அன்று பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுவது நல்லது. பிள்ளை ஏதாவது சாப்பிட்டுவிட்டால் அதை மருத்துவரிடம் மறைக்கக் கூடாது. தேதியை மாற்றிக்கொள்ளலாம்.

பழைய நோய்கள், வலிப்பு, இளைப்பு, பெரிய உள்நாக்குச் சதை, தூக்கத்தில் குறட்டை, தற்போது சாப்பிடும் மாத்திரைகள், முன்பு ஏதேனும் மருந்துக்கு ஏற்பட்ட ஒவ்வாமை ஆகியவற்றை விடாமல் சொல்ல வேண்டும். சளி, காய்ச்சல் இருந்தால் முதல் நாளே தெரிவிக்க வேண்டும்.

பிள்ளை அழாமல் இருக்கட்டும் என்று வீட்டிலிருந்தே தூக்க மாத்திரையோ இருமல் மருந்தோ கொடுத்து அழைத்துப் போவது மிகவும் ஆபத்து. அமைதிப்படுத்தும் மருந்தை மருத்துவரின் கண்பார்வையில் மட்டுமே கொடுக்க வேண்டும்.

திரும்பி வரும்போது முன்னும் பின்னும் பெரியவர்கள் உட்கார்ந்து நடுவில் பிள்ளையை வைத்து இரு சக்கர வாகனத்தில் வரக் கூடாது. தூக்கக் கலக்கத்தில் தலை முன்னால் தொங்கினால் மூச்சுப் பாதை அடைபடும். யாரும் கவனிக்க மாட்டார்கள். ஆட்டோவிலோ பேருந்திலோ இரண்டு பெரியவர்கள் கூட இருந்து, ஒருவர் பிள்ளையின் முகத்தைப் பார்த்தபடியே வர வேண்டும். அன்று சைக்கிள், மாடிப்படி, கிணற்றடி எதுவும் வேண்டாம்.

மரப்பு ஊசி போட்ட பிறகு உதடும் கன்னமும் இரண்டு முதல் நான்கு மணி நேரம் வரை உணர்ச்சியற்று இருக்கும். சிறு பிள்ளைகள் அந்த உதட்டைக் கடித்து விளையாடுவார்கள். மறுநாள் உதடு புண்ணாகி வீங்கியிருக்கும். பெற்றோர் அதை மருந்தின் கோளாறு என்று நினைத்துப் பயப்படுவார்கள். மரப்பு போகும்வரை மெல்லும் உணவு தராமல், உதட்டைக் கடிக்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.

சிறப்புத் தேவையுள்ள குழந்தைகள்

அமைதிப்படுத்தும் மருந்தும் முழு மயக்கமும் பெரிதும் துணை செய்வது நம் வகுப்பில் உள்ள மாற்றுத்திறன் குழந்தைகளுக்கே. ஆட்டிசம் உள்ள பிள்ளைக்குக் கருவியின் ஓசையும் முகத்தின் மேல் விழும் விளக்கொளியும் தாங்க முடியாதவை. மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளை தன்னை அறியாமல் தலையை அசைக்கும். வாயைத் திறந்தே வைத்திருப்பது கடினம். பல் வலிக்கிறது என்று சொல்லத் தெரியாத பிள்ளை தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளும், சாப்பிட மறுக்கும், பக்கத்தில் இருப்பவரைக் கடிக்கும். நாம் அதை நடத்தைப் பிரச்சினை என்று எழுதிவைத்துவிடுகிறோம். அப்படிப்பட்ட மாற்றம் திடீரென்று தெரிந்தால் வாயையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

இந்தப் பிள்ளைகளின் பெற்றோர் பல இடங்களில், “குழந்தை ஒத்துழைக்கவில்லை, பார்க்க முடியாது” என்று கேட்டுத் திரும்பி வந்திருப்பார்கள். பிள்ளையின் கை கால்களைப் பிடித்துக்கொண்டு பல் பிடுங்கிய அனுபவமும் சிலருக்கு இருக்கும். வேறு வழி இருக்கிறது என்று அவர்களுக்குச் சொல்ல வேண்டும். மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையத்தையோ, மாவட்டத் தலைமை மருத்துவமனையின் பல் பிரிவையோ முதலில் அணுகலாம். முழு மயக்கத்தில் சிகிச்சை தேவைப்பட்டால் அவர்கள் அதற்கு வசதியுள்ள பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். நம் சிறப்பாசிரியர் உடன் சென்றால், எந்தப் பாட்டுக்குப் பிள்ளை அமைதியாகும், எதைத் தொட்டால் பதறும் என்ற தகவல் மருத்துவருக்குக் கிடைக்கும்.

பள்ளியில் நாம் செய்யக்கூடியவை

ஊசியையும் மருத்துவரையும் மிரட்டலுக்குப் பயன்படுத்துவதை இன்றே நிறுத்தலாம். சக ஆசிரியர்களிடமும் சத்துணவுப் பணியாளர்களிடமும் இதைப் பேசலாம்.

“வலிக்கவே வலிக்காது” என்று வாக்குக் கொடுக்க வேண்டாம். லேசாக வலித்தாலும் பிள்ளை நம்மையும் நம்பாது, மருத்துவரையும் நம்பாது. “எறும்பு கடிச்ச மாதிரி கொஞ்ச நேரம் இருக்கும், அப்புறம் மரத்துப் போயிடும்” என்று உள்ளதைச் சொல்லலாம்.

தொடக்க வகுப்புகளில் பல் மருத்துவர் விளையாட்டு நடத்தலாம். ஒரு நாற்காலி, ஒரு டார்ச், ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி போதும். ஒரு பிள்ளை மருத்துவர், ஒரு பிள்ளை நோயாளி. கண்ணாடியில் பற்களை எண்ணுவது, கை தூக்கினால் நிறுத்துவது. விளையாடிப் பழகிய பிள்ளைக்கு அசல் நாற்காலி அவ்வளவு புதிதாக இருக்காது. எண்ணும்போது, ஆறு வயதில் வந்த கடைவாய்ப் பல்லையும் பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுவார்கள்.

பல் வலியோடு வரும் பிள்ளைக்கு நம் கைப்பையிலிருந்து மாத்திரை கொடுக்க வேண்டாம். கன்னம் வீங்கிக் காய்ச்சலும் இருந்தாலோ, வாயைத் திறக்கவோ விழுங்கவோ முடியாவிட்டாலோ, மாலை வரை காத்திருக்காமல் பெற்றோரை அழைத்து அன்றே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும்.

மருத்துவக் குழு வந்து சென்ற பிறகு, பல்லுக்கான சீட்டு பெற்ற பிள்ளைகளின் பெயர்களைத் தனியாக ஒரு தாளில் எழுதி, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு வரும் பெற்றோரிடம் ஒவ்வொருவராகக் கேளுங்கள். “ஏன் போகலை?” என்பதற்குப் பதில், “போறதுல என்னம்மா தயக்கம்?” என்று கேட்டால் மனம் திறந்து பேசுவார்கள். கூலியா, தூரமா, பயமா என்பது அப்போது தெரியும். பயம் என்றால், எதைக் குறித்த பயம் என்று கேட்டு, மரப்பு ஊசி, அமைதிப்படுத்தும் மருந்து, முழு மயக்கம் மூன்றுக்கும் உள்ள வேறுபாட்டை இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடலாம். மீதியை மருத்துவரிடம் கேட்கச் சொல்லி, கேட்க வேண்டிய கேள்விகளைச் சீட்டின் பின்புறமே எழுதிக் கொடுக்கலாம்: எந்த வகை மருந்து? யார் கொடுப்பார்? எவ்வளவு நேரம் பட்டினி இருக்க வேண்டும்? மூச்சைக் கண்காணிக்கும் கருவியும் அவசர உதவியும் இருக்கிறதா? எப்போது வீட்டுக்கு அனுப்புவீர்கள்?